நகரும் கோளாறு

மார்ச் 3, செவ்வாய்

காலையில் சூப்பரிண்டெண்ட் தன் அறைக்குக் கூப்பிட்டு டீ வரவழைத்தார். அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும். இந்த மருத்துவமனையில் நல்ல செய்தி சொல்ல யாரும் டீ வாங்கிக் கொடுத்ததில்லை.

"சிஸ்டர், இனிமே நீங்க வார்டு வார்டா நின்னு யார் கை கழுவறாங்க, யார் கழுவலன்னு டிக் அடிச்சுக்கிட்டு இருக்க வேண்டாம். அதுக்கு மெஷின் வருது."

எல்லோர் கழுத்திலும் ஒரு பேட்ஜ் தொங்குமாம். ஒவ்வொரு அறை வாசலிலும் கையில் தேய்க்கிற மருந்து பாட்டில். அதற்குள் ஒரு சென்சார். உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் பாட்டிலை அழுத்தினால் பேட்ஜில் பச்சை விளக்கு. மறந்தால் சிவப்பு, கூடவே 'டொய்ங்' என்று ஒரு சத்தம். ஆறு வாரம் சோதனை. சோதித்துப் பார்த்து, வாங்கலாமா வேண்டாமா என்று அறிக்கை எழுத வேண்டியது தொற்றுத் தடுப்பு நர்ஸ். அதாவது நான்.

"நல்லா இருந்தா?" என்று கேட்டேன்.

"வாங்கிடுவோம்."

"அப்ப நான்?"

அவர் டீயைக் கலக்கினார். அதில் கலக்க ஒன்றுமில்லை, சர்க்கரை போடாத டீ. "வார்டுல ஆள் பத்தலன்னு உங்களுக்கே தெரியும்ல," என்றார்.

என் வேலையைப் பறிக்கப் போகிற மெஷினுக்கு நானே மார்க் போட வேண்டும். எட்டு வருஷத்துக்கு முன்னால் வார்டு ஷிஃப்டை விட்டு வந்தவள் நான். மறுபடியும் ட்ரேயும் கையுமாக ஓடுவதற்கு என் முழங்கால் சம்மதிக்குமா?

மார்ச் 4, புதன்

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் டிரைவிங் ஸ்கூலில் வாத்தியார். எந்தப் பிரச்சினைக்கும் அவரிடம் ஒரு பிரேக் இருக்கும்.

"ரிப்போர்ட்ட நீதான எழுதப்போற? மெஷின் உருப்படாதுன்னு எழுதிடு. முடிஞ்சுது கதை."

"அப்படியெல்லாம் பொய் எழுத முடியாதுங்க."

சொன்னேன், சரி. ஆனால் பாத்திரம் துலக்கும்போது மனசுக்குள் அந்த வாக்கியத்தை நான்கைந்து விதமாக எழுதிப் பார்த்தேன். நன்றாகத்தான் வந்தது.

மார்ச் 9, திங்கள்

மெஷின் வந்தாயிற்று. கூடவே அதன் கம்பெனிக்காரரும். நாற்பது வயதிருக்கும், வழுக்கை, இரண்டு போன். ஒவ்வொரு பாட்டிலையும் மாட்டி முடித்ததும் அதை ஒரு தட்டுத் தட்டிக் கொடுக்கிறார். எல்லோருக்கும் பேட்ஜ் கொடுத்தார், எனக்கு மட்டும் இல்லை. மதிப்பிடுகிறவர் கணக்கில் வரக்கூடாதாம். அந்த மட்டும் நல்லது.

நாள் முழுக்க எங்கே பார்த்தாலும் டொய்ங், டொய்ங். ஒரு நோயாளி தன் டிரிப்ஸ் பாட்டில் முடிந்துவிட்டதாக்கும் என்று நினைத்து மணியடித்துக்கொண்டே இருந்தார். பெரிய சர்ஜன் — ரவுண்ட்ஸை ஓட்டமாகவே முடிப்பதால் எங்களுக்கு அவர் 'பறக்கும் டாக்டர்' — பேட்ஜைப் பார்த்து, "எனக்கு மணி கட்டறீங்களா?" என்றார். ஆமாம் என்று சொல்ல யாருக்கும் தைரியமில்லை.

மார்ச் 16, திங்கள்

இந்த நாளை நான் மறக்கவே மாட்டேன்.

முதல் வாரக் கணக்கைப் பார்க்கக் கூட்டம். அதே வாரம் நானும் வழக்கம்போல வார்டு வார்டாக நின்று எண்ணியிருந்தேன். என் கணக்கில் கை சுத்தம் தொண்ணூற்று நான்கு சதவீதம். மெஷின் கணக்கில் நாற்பத்தொன்று.

எல்லோரும் இரண்டு எண்ணையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அப்புறம் ஆளாளுக்கு என் பக்கம் சாய்ந்தார்கள். இதுவரை எனக்கு ஒரு குட்மார்னிங் சொல்லாத டாக்டர்கள் எல்லாம், "சிஸ்டர் கண்ணுக்கு எதுவும் தப்புமா?" என்றார்கள். பறக்கும் டாக்டர் என்னை 'இந்த ஆஸ்பத்திரியின் மனசாட்சி' என்றே சொல்லிவிட்டார். கம்பெனிக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. "சென்சார்ல ஏதோ கோளாறு இருக்கு. கண்டுபிடிச்சுடறேன்," என்று முனகினார்.

வீட்டுக்கு வருகிற வழியில் ஒரு புதுச் செருப்பு வாங்கினேன். வார்டில் ஓட அல்ல, மிடுக்காக நடக்க.

மார்ச் 19, வியாழன்

நேற்று லீவு. கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியாயிற்று. கன்னம் பந்து மாதிரி வீங்கிவிட்டது. இருந்தாலும் இன்று போனேன். மெஷின் தோற்கிற அழகைப் பார்க்காமல் வீட்டில் படுத்திருக்க முடியுமா?

மார்ச் 24, செவ்வாய்

கம்பெனிக்காரர் கோளாறைக் கண்டுபிடித்துவிட்டார். என்னைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிப்போய்த் தன் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தார். திரையில் எங்கள் மருத்துவமனையின் வரைபடம். பாட்டில் இருக்கிற இடமெல்லாம் புள்ளிகள்.

"பாருங்க சிஸ்டர். சாதாரணமா இந்தப் பாட்டில்களை அங்கொருத்தர் இங்கொருத்தர்தான் அழுத்தறாங்க. திடீர்னு ஒரு இடத்துல மட்டும் எல்லாப் பாட்டிலும் ஒரே நேரத்துல பைத்தியம் பிடிச்ச மாதிரி அடிக்குது. கொஞ்ச நேரத்துல அது பக்கத்து வார்டுக்குப் போயிடுது. இது நகரும் கோளாறு சிஸ்டர்! நானும் இருபது வருஷமா இந்த லைன்ல இருக்கேன், இப்படி ஒண்ணப் பாத்ததே இல்ல."

பாட்டில்களை மாற்றினாராம். ஒயரை மாற்றினாராம். கட்டடத்துக்கு வெளியே ஏதாவது டவர் இருக்கிறதா என்று மொட்டை மாடியில் ஏறிக்கூடப் பார்த்தாராம். எனக்கு உள்ளூரக் குஷி. என் கையிலும் ஒரு டீ இருந்தது.

"காலைல ஐசியூல ஆரம்பிக்குது. பத்து மணிக்கு ஆண்கள் வார்டு. பதினொன்னுக்குக் கேன்டீன் பக்கமாப் போய் மறைஞ்சிடுது. கால் மணி நேரத்துல மறுபடியும் மாடியில வருது. ஞாயித்துக்கிழமை சுத்தமா இல்ல. போன புதன்கிழமை, அது ஏன்னே புரியல, நாள் பூரா ஒரு இடத்துலயும் வரல."

என் கை தானாகப் போய்க் கன்னத்தைத் தொட்டது.

"என்னவா இருக்கும்னு நெனைக்கறீங்க?"

"தெரியலையே சார்," என்றேன். டீயை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மார்ச் 25, புதன்

அந்தக் கோளாறு நான்தான்.

மார்ச் 26, வியாழன்

இன்று காலை முழுக்க என் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மதியம் பேனா, பேப்பர் எதுவும் இல்லாமல் பெண்கள் வார்டு வழியாகச் சும்மா ஒரு நடை போய்விட்டு வந்தேன். பிறகு கம்பெனிக்காரர் இல்லாத நேரத்தில் திரையைப் பார்த்தேன். காலையில் அங்கங்கே ஒன்றிரண்டு புள்ளிதான். மதியம், நான் நடந்த வழியில் புள்ளி புள்ளியாக, கல்யாண வீட்டு சீரியல் விளக்கு மாதிரி.

நேரே பெண்கள் வார்டு இன்சார்ஜ் அக்காவிடம் போனேன். நானும் அவளும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவள் என்னிடம் பொய் சொல்ல மாட்டாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"உண்மையச் சொல்லுக்கா. நான் வரேன்னு உங்களுக்கெல்லாம் முன்னாடியே தெரியுமா?"

அவள் சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. "உன் செருப்புச் சத்தம் லிஃப்ட்டுக்கிட்டயே கேக்கும்டி. கேட்டதும் யாராவது 'மழை வருது'ம்பாங்க. அவ்ளோதான், எல்லாரும் பாட்டிலைப் பாத்து ஓடுவாங்க."

மழை வருது! எட்டு வருஷமாக எந்த வார்டுக்குள் நுழைந்தாலும் யாராவது மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். நல்ல வெயில் காலத்தில்கூட. பாவம், ஜன்னல் இல்லாத கட்டடத்தில் வேலை செய்கிறவர்கள், வெளியே என்ன நடக்கிறது என்று தெரியாமல் பேசுகிறார்கள் என்று நான் நினைத்திருந்தேன். ஒரு நாள் அவர்கள் பேச்சை நம்பிக் குடைகூட வாங்கினேனே!

மார்ச் 29, ஞாயிறு

சாப்பிடும்போது அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பார் என்று பார்த்தால் சிரிக்கவில்லை.

"என்கிட்ட கத்துக்கறவன் எல்லாம் நான் பக்கத்துல உக்காந்திருக்கறவரைக்கும் பிரமாதமா ஓட்டறான். லைசென்ஸ் கையில வந்ததும் என் கண்ணு முன்னாடியே சிக்னல்ல நிக்காம போறான். எனக்கே கைய ஆட்டிட்டுப் போறான்."

தொண்ணூற்று நான்கு. எட்டு வருஷமாகப் பெருமையாக மேலே அனுப்பிய எண். அது கையின் கணக்கே இல்லை, என் செருப்பின் கணக்கு. போச்சு, எல்லாம் போச்சு. கால் கடுக்க நின்னேனே, யாருக்காக நின்னேன்? நான் அந்தப் பக்கம் திரும்பினதும் இந்தப் பக்கம் அழுக்குக் கையோட நோயாளியத் தொட்டிருக்காங்க. அத்தனை வருஷமும்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். மெஷினுக்குக் கோளாறு என்று அந்த மனுஷரே எழுதிக் கொடுத்துவிடுவார். என் வேலை தப்பிக்கும். நான் ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை.

ஏப்ரல் 2, வியாழன்

முடிவுக்கு முன்னால் ஒன்று தெரிந்தாக வேண்டும். என் எண் தப்பு, சரி. மெஷினின் எண் மட்டும் சரியா? யார் கண்ணிலும் படாமல் நின்று நானே எண்ணிப் பார்த்தால்தான் தெரியும்.

திரைச்சீலைக்குப் பின்னால் நின்றேன். தும்மல் வந்துவிட்டது. அடுத்து, சுத்தம் செய்கிறவர்களின் சீருடை, மாஸ்க், தலையில் தொப்பி, வெறுங்கால். வார்டுக்குள் பத்தடி வைப்பதற்குள் ஒரு நர்ஸ், "சிஸ்டர், என்ன இந்த டிரெஸ்ல?" என்றாள். உள்ளேயிருந்து இன்னொரு குரல்: "மழை!"

அக்காதான் வழி சொன்னாள். "நின்னாத்தான தெரியுது? படுத்துக்கோ."

ஏப்ரல் 7, செவ்வாய்

சூப்பரிண்டெண்ட் அனுமதியோடு, பெண்கள் அறுவை சிகிச்சை வார்டில் நான் இப்போது விபத்து கேஸ். தலை முழுக்கக் கட்டு, ஒரு கண் மூடி, மூக்கில் சும்மா ஒட்டவைத்த ஒரு ட்யூப். வார்டில் அக்காவைத் தவிர யாருக்கும் தெரியாது. போர்வைக்குள் சின்னப் பேனா. மூடாத கண்ணால் பார்த்ததை ஒளித்து எழுதுகிறேன், கையெழுத்து கோழிக் கிறுக்கல்.

வீட்டில் எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். அப்படியும் மாலையில் அவர் ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்து நின்றார். "படுத்திருந்தா பாக்க வரணும்ல?"

ஏப்ரல் 8, புதன்

வீட்டுக்கு வந்துவிட்டேன். வேஷம் கலைந்துவிட்டது. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

வாசலைப் பொறுத்தவரை மெஷின் சொல்வது உண்மை. நான் எண்ணியதும் கிட்டத்தட்ட அதே நாற்பதுதான். ஆனால் அதற்கு வாசலைத் தாண்டிக் கண் இல்லை. ஒரு நர்ஸ் பெண், வாந்தி எடுக்கிற ஒரு அம்மாவைப் பிடிக்க, இரண்டு கையிலும் பாத்திரத்தோடு உள்ளே ஓடினாள். டொய்ங், சிவப்பு. அப்புறம் குழாயடியில் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவிவிட்டுத்தான் அடுத்த கட்டிலுக்குப் போனாள். குழாயில் சென்சார் இல்லை, அதனால் அது கணக்கிலேயே வராது. பறக்கும் டாக்டர் வாசலில் பாட்டிலை அழகாக அழுத்தினார். பச்சை. உள்ளே வந்ததும் போன் அடித்தது. எடுத்துப் பேசினார், காதைக் குடைந்தார், கட்டிலின் திரைச்சீலையை இழுத்தார், அதே கையால் பக்கத்துக் கட்டில் அம்மாவின் தையலைத் தொட்டுப் பார்த்தார். இன்னும் பச்சைதான்.

அடுத்து என் கட்டில். அவர் கை என் கட்டை நோக்கி வருகிறது. நான் சொல்ல வேண்டியது இரண்டே வார்த்தை. 'டாக்டர், கை.' இதை நான் எத்தனையோ ஆயிரம் முறை சொன்னவள். இந்த ஆளிடமே சொல்லியிருக்கிறேன். ஆனால் வாய் வரவில்லை. அவர் நிற்கிறார், நான் படுத்திருக்கிறேன். அவ்வளவுதான் வித்தியாசம். நிஜமாகவே எனக்குப் பயமாக இருந்தது.

கட்டைத் தூக்கினார். என் கண்ணும் அவர் கண்ணும் சந்தித்தன. பேயறைந்த மாதிரி பின்னால் பாய்ந்து, வாசல் பாட்டிலை மூன்று தரம் அழுத்தினார். கையைத் தேய்த்துக்கொண்டே நர்ஸைப் பார்த்துக் கத்தினார்: "மழை உள்ளயே படுத்திருக்குன்னு ஏம்மா சொல்லல?"

வார்டே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் கிளம்புவதற்கு முன்னால் பக்கத்துக் கட்டில் அம்மாவிடம் கேட்டேன், "அவர் கை கழுவாம தொட்டத நீங்க பாத்தீங்கதான? சொல்லியிருக்கலாமே?"

"பாத்தேம்மா. எப்படிச் சொல்றது? கோச்சுக்கிட்டு நாளைக்கு என்னைச் சரியாப் பாக்கலைன்னா?"

சீக்கிரம் தூங்கப் போகிறேன். அறிக்கையில் என்ன எழுத வேண்டும் என்று இப்போது தெரியும். பிடிக்கவில்லை, ஆனால் தெரியும்.

ஏப்ரல் 10, வெள்ளி

கம்பெனிக்காரரிடம் போய், "சார், உங்க நகரும் கோளாறு பதினொரு மணிக்கு டீ குடிக்கும். சர்க்கரை கம்மியா," என்றேன்.

முதலில் புரியவில்லை. பிறகு என்னை மேலிருந்து கீழே பார்த்தார். கடைசியில் என் செருப்பைப் பார்த்தார். நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். "மொட்டை மாடி ஏறினேனே சிஸ்டர்!" என்றார். உடனே துள்ளி எழுந்து, "அப்ப மெஷின் சரியா இருக்கு!" என்று பக்கத்திலிருந்த பாட்டிலைக் கட்டிப் பிடித்தார். சட்டையெல்லாம் மருந்து.

ஏப்ரல் 20, திங்கள்

அறிக்கை கொடுத்தாயிற்று. மெஷினின் வாசல் கணக்கை நம்பலாம். என் கணக்கை நம்ப முடியாது, ஏனென்றால் நான் கண்ணில் படுகிறேன். ஆனால் சிவப்பை வைத்து யாருடைய பேரையும் போர்டில் போடக்கூடாது, யாரையும் தண்டிக்கக்கூடாது; சிவப்பு வாங்கியவள் சுத்தமாக இருக்கலாம், பச்சை வாங்கியவர் காதைக் குடைந்துகொண்டிருக்கலாம். கட்டிலுக்குப் பக்கத்தில் நடப்பதைத் தட்டிக் கேட்க நோயாளிக்குத் தைரியம் கொடுக்க வேண்டும். மெஷினை வாங்கலாம்.

சூப்பரிண்டெண்ட் இரண்டு முறை படித்தார். "உங்களுக்கு எதிரா நீங்களே எழுதியிருக்கீங்களே, சிஸ்டர்."

"தெரியும் சார்."

அறிக்கையை மூடியவர் முகத்தில் திடீரென்று வெளிச்சம். "ஒண்ணு பண்ணலாமா? நீங்க எதையும் எண்ண வேண்டாம், எழுத வேண்டாம். சும்மா நடங்க. நீங்க நடந்தாலே நாப்பது தொண்ணூறாகுதே!"

நாள் முழுக்க நடக்கிற பூச்சாண்டி வேலை. சம்பளம் அதேதான். ஆசை வரவில்லை என்றால் அது பச்சைப் பொய்.

"நான் டீ குடிக்கப் போயிட்டா நோயாளிங்க கதி என்ன சார்?" என்றேன்.

அவர் அறிக்கையை எடுத்து ஃபைலுக்குள் வைத்தார். இன்று டீ வரவில்லை.

மே 4, திங்கள்

பெண்கள் அறுவை சிகிச்சை வார்டு. அக்காவின் கீழே. எட்டு வருஷம் கழித்து ஷிஃப்ட். எனக்கும் ஒரு பேட்ஜ்.

மதியத்துக்குள் கால் இரண்டும் கழன்றுவிட்டன. என் முதல் நாள் மார்க்? எழுதவே கூசுகிறது. ஐம்பத்திரண்டு. நான் டொய்ங் வாங்கும்போதெல்லாம் அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். "மழைக்கே சளி பிடிச்சிருச்சுடி!"

ஓரமாக நின்று எண்ணியபோது, மறப்பவர்கள் எல்லோரும் சோம்பேறிகள் என்று நினைத்தேன். ஒரு கையில் ஊசி, இன்னொரு கையில் சீட்டு, மூன்று கட்டிலிலிருந்தும் "சிஸ்டர், சிஸ்டர்." எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டும்போல இருக்கிறது. எல்லோரிடமும் என்றால், பறக்கும் டாக்டர் நீங்கலாக.

புதிதாகச் சேர்கிற ஒவ்வொரு நோயாளியிடமும் சொல்கிறேன்: "யார் உங்களத் தொட வந்தாலும், கை சுத்தமான்னு கேளுங்க. என்னையும் கேளுங்க." எல்லோரும் தலையாட்டுகிறார்கள். ஒருவரும் கேட்பதில்லை.

மே 14, வியாழன்

மூன்று நாளுக்கு முன்னால் வயிற்றில் ஆபரேஷன் ஆன ஒரு பெண். தண்ணீர் வேண்டுமென்றால்கூடக் கேட்க மாட்டாள், நாம் கேட்கும்வரை காத்திருப்பாள். இன்று அவள் கட்டைப் பிரிக்கப் போனேன். வாசலில் பாட்டிலை அழுத்தினேன், பச்சை. அவள் செருப்பு நடைவழியில் கிடந்தது. யாராவது தடுக்கி விழப் போகிறார்கள் என்று எடுத்துக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். நிமிர்ந்து, வயிற்றுக் கட்டின் மேல் கை வைக்கப் போனேன்.

அவள் வயிற்றை லேசாக உள்ளே இழுத்துக்கொண்டாள். போர்வை நுனியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, எனக்கே சரியாகக் கேட்காத குரலில், "சிஸ்டர்... கை," என்றாள்.

சுள்ளென்று வந்தது கோபம். யாரைப் பார்த்து என்ன கேக்கறா இவ? காது மடல் வரை சூடாகிவிட்டது. பேட்ஜைப் பார்த்தேன், பச்சையாகத்தான் இருந்தது. கையைப் பார்த்தேன். குழாயடிக்குப் போய், சோப்புப் போட்டு, விரலிடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவினேன்.

திரும்பி வந்தபோது அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. "கோச்சுக்கிட்டீங்களா சிஸ்டர்?"

"ஆமா," என்றேன். "நல்லாவே கோச்சுக்கிட்டேன். நாளைக்கும் கேளு."

சிரிப்பு வந்து, தையல் வலித்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு "ஐயோ"வென்றாள். சிரிக்காதே என்று அதட்டிவிட்டுக் கட்டைப் பிரித்தேன். காயம் சுத்தமாக இருந்தது.